இன், ஆன், அட் இடறுகிறதா? அறிகுறியைப் பார்த்து ப்ரிப்பொசிஷன் பிழையைப் பிடிக்கும் வழி

இங்கிலீஷ் ப்ரிப்பொசிஷன் தகராறு செய்கிறது என்றவுடன் பலரும் ஒரு பட்டியலைத் தேடிப் போகிறார்கள். 'இன்' என்றால் 'இல்', 'டு' என்றால் 'க்கு', 'வித்' என்றால் 'உடன்' என்று இரண்டு பத்தியாக அச்சடித்த பட்டியல். அதை நெட்டுருப் போட்டால் பிழை குறையாது, கூடும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் படித்தோமே, அந்த உருபுகள் பெயரின் பின்னால் ஒட்டி, பல உறவுகளை ஒரே ஒட்டில் முடித்துவிடும். இங்கிலீஷ் அப்படி விடாது. ஒரு 'இல்' வருகிற இடத்தில் அங்கே மூன்று சொற்கள் போட்டி போடும். சில இடங்களில் ஒன்றுமே வராது.

ஆகவே தமிழ் உருபை நோய்க் குறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தாக அல்ல. எந்த உருபு மனதில் இருந்தபோது பிழை வந்தது என்று முதலில் பாருங்கள். பிறகு இங்கிலீஷ் வாக்கியத்துக்குப் போய் இரண்டு பக்கமும் பாருங்கள். முதலில் இடது பக்கம்: அங்கே நிற்கும் வினையோ பெயரோ பண்புச்சொல்லோ தனக்கென்று ஒரு ப்ரிப்பொசிஷனைக் கேட்கிறதா? கேட்டால் அதைப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. கேட்காவிட்டால்தான் வலது பக்கம்: வருவது இடமா, நேரமா, ஆளா, கருவியா? இந்த வரிசை முக்கியம். வலது பக்கத்தை முதலில் பார்ப்பவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

கீழே இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள். ப்ரிப்பொசிஷன் கண்ணைவிடக் காதில்தான் சீக்கிரம் தங்கும்.

அறிகுறி: எந்த இடமானாலும் 'இன்' வந்து விழுகிறது

"ஐ ஆம் இன் பஸ் ஸ்டாண்ட்", "ஹி இஸ் இன் செகண்ட் ஃப்ளோர்", "அவர் ஷாப் இஸ் இன் பைபாஸ் ரோடு". மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பஸ் ஸ்டாண்டில், மாடியில், ரோட்டில். தமிழில் மூன்றுமே 'இல்'.

இங்கிலீஷ் அந்த இடத்தின் வடிவத்தைக் கேட்கிறது. நாலு பக்கமும் சூழ்ந்திருந்தால் 'இன்'. ஒரு பரப்பின் மேலோ ஒரு கோட்டின் மேலோ தொட்டுக்கொண்டிருந்தால் 'ஆன்'. வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் நினைத்தால் 'அட்'. ஊர் சூழ்ந்திருப்பது, எனவே "ஐ லிவ் இன் மதுரை". பைபாஸ் ரோடு ஒரு கோடு, எனவே "அவர் ஷாப் இஸ் ஆன் பைபாஸ் ரோடு". மாடி ஒரு பரப்பு, எனவே "ஆன் த செகண்ட் ஃப்ளோர்". கதவு எண் ஒரு புள்ளி, எனவே "ஐ லிவ் அட் 14, நார்த் மாசி ஸ்ட்ரீட்". எண்ணை எடுத்துவிட்டுத் தெருவை மட்டும் சொன்னால் பிரிட்டிஷ் வழக்கில் "இன் நார்த் மாசி ஸ்ட்ரீட்", அமெரிக்க வழக்கில் "ஆன்". இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

இங்கேதான் பலர் முரண்டு பிடிப்பார்கள்: ஒரே இடத்துக்கு ஒரு தடவை 'அட்', ஒரு தடவை 'இன்' வருகிறதே என்று. வரத்தான் செய்யும். மாறுவது இடமல்ல, பார்க்கிற கோணம். "மீட் மீ அட் மாட்டுத்தாவணி" என்றால் மாட்டுத்தாவணி ஒரு சந்திப்புப் புள்ளி. அதே பஸ் ஸ்டாண்டின் உள்ளே ஏடிஎம் இருக்கிறதா என்று கேட்கும்போது அது ஒரு கட்டடம், எனவே "இஸ் தேர் அன் ஏடிஎம் இன் த பஸ் ஸ்டாண்ட்?" வைகையும் அப்படித்தான். "மதுரை இஸ் ஆன் த வைகை" என்றால் ஊர் ஆற்றங்கரைக் கோட்டை ஒட்டி இருக்கிறது. "தேர் இஸ் நோ வாட்டர் இன் த வைகை" என்றால் ஆற்றுக்குள்ளே தண்ணீர் இல்லை. (இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் நமக்குத் தேவை அதிகம்.)

மூலையும் சோதிக்கும். அறையின் மூலை நம்மைச் சூழும்: "இன் த கார்னர் ஆஃப் த ரூம்". தெரு முனை ஒரு புள்ளி: "அட் த கார்னர் ஆஃப் த ஸ்ட்ரீட்". திசைக்கு வேறு கணக்கு. உள்ளே இருந்தால் 'இன்': "மதுரை இஸ் இன் த சவுத் ஆஃப் தமிழ்நாடு". வெளியே தள்ளி இருந்தால் 'டு': "விருதுநகர் இஸ் டு த சவுத் ஆஃப் மதுரை". இரண்டாவதில் 'இன்' போட்டால் விருதுநகரை மதுரைக்குள் சேர்த்துவிட்டோம் என்று பொருள்.

வண்டிகளுக்கு ஒரு சுருக்கு வழி: உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் 'ஆன்', குனிந்து உட்கார மட்டும் இடம் இருந்தால் 'இன்'. "ஆன் த பஸ்", "ஆன் த ட்ரெயின்", "இன் த கார்", "இன் அன் ஆட்டோ". பைக்கும் சைக்கிளும் ஏறி உட்காருவதால் 'ஆன்'. ரயிலில் மூன்று அடுக்காக வரும்: "ஐ ஆம் ஆன் த பாண்டியன் எக்ஸ்பிரஸ், இன் கோச் எஸ் சிக்ஸ், ஆன் த அப்பர் பெர்த்". இதை ஒரு மூச்சில் சொல்லிப் பழகினால் பாதிப் பாடம் முடிந்தது.

எதில் வந்தீர்கள் என்ற கேள்விக்கு 'பை' வரும், ஆனால் வண்டியின் பெயர் மொட்டையாக இருக்க வேண்டும்: "பை பஸ்", "பை ட்ரெயின்", "பை பைக்". நடுவில் 'மை', 'எ', 'த' ஏதாவது நுழைந்தால் 'பை' நகர்ந்துவிடும்: "பை மை பைக்" தவறு, "ஆன் மை பைக்" சரி. "பை வாக்" என்று ஒன்று நம் ஊரெங்கும் புழங்குகிறது. அப்படி ஒன்று கிடையாது. "ஆன் ஃபுட்", அல்லது நேரடியாக "ஐ வாக்ட்".

அறிகுறி: நேரத்துக்கு முன்னால் 'இன்', 'ஆன்', 'அட்' குழம்புகிறது

இது இடத்தைவிட எளிது. கடிகாரம் என்றால் 'அட்', நாள் என்றால் 'ஆன்', நாளைவிடப் பெரியது எதுவானாலும் 'இன்'. காந்தி அரையாடைக்கு மாறியது 1921-இல், மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது. "இன் 1921", "இன் செப்டம்பர் 1921", "ஆன் 22 செப்டம்பர் 1921". தேதி எண் சேர்ந்ததும் 'இன்' போய் 'ஆன்' வந்துவிட்டதைப் பாருங்கள். அந்த வீட்டுக்கும் முந்தைய பகுதிக் கணக்கைப் போட்டால் "அட் எ ஹவுஸ் இன் வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்".

பொழுதுகளுக்கு "இன் த மார்னிங்", "இன் த ஈவ்னிங்", ஆனால் "அட் நைட்". நாளின் பெயர் முன்னால் வந்தால் நாளே ஜெயிக்கும்: "ஆன் மண்டே மார்னிங்". அவனியாபுரம் ஜல்லிக்கட்டு "ஆன் பொங்கல் டே", மாதத்தை மட்டும் சொன்னால் "இன் ஜனவரி".

இங்கே வரும் பிழையில் பெரும்பங்கு, எதுவுமே வேண்டாத இடத்தில் ஒன்றைச் செருகுவது. டுடே, டுமாரோ, எஸ்டர்டே, திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி: இந்த ஏழில் ஒன்று வந்தால் முன்னால் ப்ரிப்பொசிஷன் கிடையாது. "ஆன் டுமாரோ", "இன் லாஸ்ட் இயர்", "ஆன் நெக்ஸ்ட் மண்டே" மூன்றிலும் முதல் சொல்லை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: 'பிஃபோர் ஃபைவ் இயர்ஸ்', 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'

இந்த இரண்டும் நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் பிழைகள். எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால வந்தேன்" என்பதில் உள்ள 'முன்னால்' அப்படியே 'பிஃபோர்' ஆகிவிடுகிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இங்கிலீஷில் 'அகோ', அதுவும் எண்ணுக்குப் பின்னால்: "ஐ கேம் ஹியர் ஃபைவ் இயர்ஸ் அகோ". 'பிஃபோர்' வேண்டுமானால் அதன் பின்னால் ஒரு நிகழ்ச்சியோ தேதியோ வேண்டும்: "பிஃபோர் த ஃபெஸ்டிவல்", "பிஃபோர் 2019". முன்னோக்கி எண்ணும்போது இதன் இரட்டைப் பிழை வரும். "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்" என்பதை "ஐ வில் கம் ஆஃப்டர் டூ டேஸ்" என்கிறோம். இன்றிலிருந்து கணக்கு என்றால் "இன் டூ டேஸ்" என்பதே இயல்பு.

'சின்ஸ்' விஷயத்தில் தமிழ் உண்மையில் உதவிதான் செய்கிறது. "2020லேருந்து" என்று தொடக்கப் புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. "அஞ்சு வருஷமா" என்று நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'. காலண்டரில் வட்டம் போட முடிந்தால் 'சின்ஸ்', விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தால் 'ஃபார்'. இது தெரிந்தும் வாக்கியம் தவறிப்போவதற்குக் காரணம் வினை. "வேலை பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலம் போடுவதால் "ஐ ஆம் ஒர்க்கிங்" என்றே வருகிறது. ப்ரிப்பொசிஷனை மட்டும் திருத்தி வினையை விட்டால் பாதி மராமத்துதான். முழுதாக: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". வேலை முடிந்துபோயிருந்தால் 'சின்ஸ்' வேண்டாம்: "ஐ ஒர்க்ட் தேர் ஃப்ரம் 2016 டு 2020".

பக்கத்திலேயே இன்னொரு ஜோடி. "திங்கட்கிழமை வரைக்கும்" என்றால் 'அன்டில்', "திங்கட்கிழமைக்குள்ள" என்றால் 'பை'. "சப்மிட் த ஃபார்ம் அன்டில் மண்டே" என்று எழுதினால் திங்கள் வரை தினமும் ஃபார்மைக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். "பை மண்டே" என்பதுதான் கெடு. கெடுவைத் தேதியாகச் சொல்லாமல் நாள் கணக்காகச் சொன்னால் 'விதின்': "விதின் த்ரீ டேஸ்". ஒன்பது முதல் ஐந்து என்பதற்கு "பிட்வீன் நைன் டு ஃபைவ்" என்று கடைப் பலகைகளில் பார்க்கலாம். 'பிட்வீன்' வந்தால் அதன் ஜோடி 'அண்ட்', 'ஃப்ரம்' வந்தால் அதன் ஜோடி 'டு'. ஜோடி மாற்றக் கூடாது.

அறிகுறி: உணர்ச்சியைச் சொல்லும்போது 'ஆன்' வருகிறது

"ஹி இஸ் ஆங்க்ரி ஆன் மீ". என் மேல கோபம். தமிழில் மனதில் எழுவது பெரும்பாலும் அடுத்தவர் மேல் போய் உட்காரும்: கோபம், பாசம், நம்பிக்கை, மரியாதை, சந்தேகம், பொறாமை, புகார் எல்லாம் 'மேல்'. இங்கிலீஷில் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் போகிறது. இடது பக்கச் சொல்லே முழு அதிகாரம் செலுத்தும் இடம் இதுதான். வலது பக்கத்தைப் பார்த்துப் பிரயோஜனமே இல்லை.

கோபம் ஆள் மேல் என்றால் "ஆங்க்ரி வித் மீ", காரியத்தின் மேல் என்றால் "ஆங்க்ரி அபவுட் த டிலே". காதல் "இன் லவ் வித் ஹெர்". நம்பிக்கை "கான்ஃபிடன்ஸ் இன் ஹிம்", "ஃபெய்த் இன் காட்". மரியாதை "ரெஸ்பெக்ட் ஃபார் ஹெர்". பொறாமை "ஜெலஸ் ஆஃப் ஹிம்". புகார் கொடுத்தால் "எ கம்ப்ளெய்ண்ட் அகெய்ன்ஸ்ட் ஹிம்", வாயால் புலம்பினால் "கம்ப்ளெய்ன் அபவுட் ஹிம்", யாரிடம் புலம்புகிறோமோ அவருக்கு 'டு'. ஆர்வம் "இன்ட்ரஸ்ட் இன்". சந்தேகம் "சஸ்பிஷியஸ் ஆஃப்". 'மேல்' என்ற சொல்லோடு ஒத்துப்போய் 'ஆன்' கேட்பவை சில உண்டு: "டிபெண்ட் ஆன்", "ரிலை ஆன்", "கீன் ஆன்". அந்தச் சிலதான் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கின்றன.

மேல் இல்லாமல் 'க்கு' வருகிற உணர்ச்சி ஒன்று: பயம். "பாம்புக்குப் பயம்" என்பதால் "அஃப்ரெய்ட் டு ஸ்நேக்ஸ்" என்று வந்துவிடும். "அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்நேக்ஸ்". திறமைக்கு 'இல்' வரும், "கணக்குல கெட்டிக்காரன்", அதனால் "குட் இன் மேத்ஸ்". "குட் அட் மேத்ஸ்" என்பதே வழக்கு. "வீக் இன் மேத்ஸ்" மட்டும் 'இன்' வைத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ஜோடியாகப் பதிவு செய்யுங்கள். நோட்டில் 'குட்' என்று ஒரு சொல்லாக எழுதாமல் 'குட் அட்' என்று இரு சொல்லாக எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பகுதியில் பெரும்பாலான பிழை தானே உதிரும்.

அறிகுறி: தேவையில்லாத இடத்தில் ஒன்று ஒட்டிக்கொள்கிறது

சித்திரை மாதம் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். இங்கிலீஷில் "கள்ளழகர் என்டர்ஸ் த வைகை". அவ்வளவுதான். "என்டர்ஸ் இன்டு த வைகை" என்று எழுதுகிறவர்கள் ஆற்றில் என்ற 'இல்'லைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். 'என்டர்' என்ற வினைக்குள்ளேயே 'உள்ளே' அடங்கியிருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் "என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்".

இந்தக் குடும்பம் பெரியது. டிஸ்கஸ் (அபவுட் வேண்டாம்), மென்ஷன், டிஸ்க்ரைப் (அபவுட் வேண்டாம்), ரீச் (டு வேண்டாம்), மேரி (வித் வேண்டாம்), ரிசெம்பிள், கான்டாக்ட், இன்ஃபார்ம், ஆன்சர், அப்ரோச் (டு வேண்டாம்), ஆர்டர், ரிக்வெஸ்ட் (ஃபார் வேண்டாம்), எம்ஃபசைஸ் (ஆன் வேண்டாம்), லேக், கம்ப்ரைஸ் (ஆஃப் வேண்டாம்). இவை எல்லாம் நேராகப் பெயரைத் தொடும்: "வி டிஸ்கஸ்ட் த பட்ஜெட்", "ஷி மேரீட் எ டாக்டர்", "த ட்ரெயின் ரீச்ட் மதுரை", "ஐ ஆர்டர்ட் டூ பரோட்டாஸ்".

பிழை ஏன் வருகிறது? ஒன்று, தமிழ் உருபு: "பட்ஜெட்டைப் பற்றி", "டாக்டரோடு கல்யாணம்", "மதுரைக்கு வந்து சேர்ந்தது". இரண்டாவது காரணம் அதைவிட நுட்பம். இதே சொற்கள் பெயராக வரும்போது ப்ரிப்பொசிஷன் கேட்கும். "எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்", "ஹெர் மேரேஜ் டு எ டாக்டர்", "அன் ஆர்டர் ஃபார் டூ பரோட்டாஸ்", "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்", "எ லேக் ஆஃப் வாட்டர்", "எம்ஃபசிஸ் ஆன் கிராமர்". பெயரில் கேட்ட பழக்கத்தை வினைக்கும் கொண்டுபோய்விடுகிறோம். சோதனை இது: அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எ' அல்லது 'மை' நிற்கிறதா? நின்றால் அது பெயர், ப்ரிப்பொசிஷன் போடுங்கள். 'ஐ', 'வி', 'ஷி' நிற்கிறதா? வினை, விட்டுவிடுங்கள்.

வீடு, இங்கே, அங்கே, மேலே, கீழே, வெளிநாடு ஆகியவையும் இதே வகை. "கோ டு ஹோம்", "கம் டு ஹியர்" தவறு. "கோ ஹோம்", "கம் ஹியர்", "கோ அப்ராட்". இதில் மதுரைக்காரருக்குக் குழப்பமே வரக் கூடாது. "அங்கிட்டு போ", "இங்கிட்டு வா" என்கிறோம், "அங்கிட்டுக்குப் போ" என்று யாரும் சொல்வதில்லை. 'ஹோம்' என்பதையும் அந்த 'அங்கிட்டு' வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஆனால் 'ஹவுஸ்' வந்தால் 'டு' வேண்டும்: "ஐ வென்ட் டு ஹிஸ் ஹவுஸ்".

"டிஸ்பைட் ஆஃப்" என்று ஒன்றும் கிடையாது. "டிஸ்பைட் த ரெயின்" அல்லது "இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின்", ஏதாவது ஒன்று.

அறிகுறி: வேண்டிய இடத்தில் காணாமல் போகிறது

"எக்ஸ்ப்ளெய்ன் மீ", "ஐ லிசன் மியூசிக்", "வெயிட் மீ", "லுக் த போர்டு". இங்கே பல இடங்களில் காரணம் 'ஐ' உருபு: பாட்டைக் கேள், போர்டைப் பார். இரண்டாம் வேற்றுமை என்றால் இங்கிலீஷில் ஒன்றும் வேண்டாம் என்பது பெரும்பாலும் சரிதான், அதனால்தான் விதிவிலக்குகள் கண்ணில் படுவதில்லை. "லிசன் டு", "லுக் அட்", "வெயிட் ஃபார்", "லாஃப் அட்". "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ", "சஜெஸ்ட் இட் டு மீ", "சே இட் டு மீ". 'டெல்' மட்டும் எதிர்மாறு: "டெல் மீ".

சில வினைகள் ப்ரிப்பொசிஷன் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். "த போலீஸ் சர்ச்ட் த பேக்" என்றால் பையைத் துழாவினார்கள். "சர்ச்ட் ஃபார் த பேக்" என்றால் பையையே காணோம். "பே த பில்" ஆனால் "பே ஃபார் த டிஃபன்". 'அப்ளை' இரண்டையும் கேட்கும், யாருக்கு என்பதற்கு ஒன்று, எதற்கு என்பதற்கு ஒன்று: "அப்ளை டு த பேங்க் ஃபார் எ லோன்". 'அரைவ்' என்பதற்கு 'டு' எப்போதுமே கிடையாது. ஊர் என்றால் "அரைவ் இன் மதுரை", நிலையம் என்றால் "அரைவ் அட் மதுரை ஜங்ஷன்".

அறிகுறி: 'அவரிடம்', 'கத்தியால்', 'நூறு ரூபாய்க்கு' என்று மனதில் வரும்போது தடுமாற்றம்

'இடம்' என்ற உருபை வினைதான் பிரிக்கும். அவரிடம் கேட்டேன், "ஐ ஆஸ்க்ட் ஹிம்". அவரிடம் பேசினேன், "ஐ ஸ்போக் டு ஹிம்". அவரிடம் கடன் வாங்கினேன், "ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹிம்". என்னிடம் பணம் இல்லை என்பதற்கு "தேர் இஸ் நோ மனி வித் மீ" என்பார்கள். இங்கே ப்ரிப்பொசிஷனைத் தேடாமல் வினையை மாற்றுங்கள்: "ஐ ஹேவ் நோ மனி".

'ஆல்' உருபில் ஆள் என்றால் 'பை', கருவி என்றால் 'வித்'. "சைன்ட் பை த மேனேஜர் வித் எ க்ரீன் பென்". செய்பொருளுக்கு மூன்று வழி. பொருள் அப்படியே தெரிந்தால் 'மேட் ஆஃப்', உருமாறிப் போனால் 'மேட் ஃப்ரம்', சேர்மானத்தில் ஒன்றைச் சொன்னால் 'மேட் வித்'. சுங்குடிச் சேலை "மேட் ஆஃப் காட்டன்", பருத்தியைத் தொட்டுப் பார்க்கலாம். காகிதம் "மேட் ஃப்ரம் வுட்", மரம் அதில் தெரியாது. ஜிகர்தண்டா "மேட் வித் மில்க், பாதாம் பிசின் அண்ட் நன்னாரி சிரப்".

விலையில் மொத்தத் தொகைக்கு 'ஃபார்', வீதத்துக்கு 'அட்'. "ஐ பாட் த ஃப்ளவர்ஸ் ஃபார் ஹண்ட்ரட் ருபீஸ்". "ஜாஸ்மின் இஸ் செல்லிங் அட் எய்ட் ஹண்ட்ரட் ருபீஸ் எ கிலோ".

அறிகுறி: ஒப்பிடும்போது எல்லாம் 'தேன்'

'ஐ விட' என்று வந்தால் 'தேன்' போடுவது சரிதான், ஆனால் லத்தீன் வழி வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை 'டு' கேட்கும்: "ஹி இஸ் சீனியர் டு மீ". 'ப்ரிஃபர்' என்பதும் அப்படியே: "ஐ ப்ரிஃபர் காபி டு டீ". 'டிஃபரன்ட்' என்பதற்கு 'ஃப்ரம்'.

அறிகுறி: 'டு' போட்ட பிறகு வினை எந்த வடிவில் வரும் என்று தெரியவில்லை

"லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று மெயில் முடிவில் எழுதுவது தவறு. 'ஹியரிங்' வேண்டும். 'டு' இரண்டு வேலை பார்க்கிறது, அதுதான் சிக்கல். சோதிக்க, அதன் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது, எனவே அது ப்ரிப்பொசிஷன், வினைக்கு 'இங்' சேரும். "ஐ வான்ட் டு இட்" நிற்காது, எனவே வெறும் வினை. "ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் இன் த ஹீட்" என்றால் வெயிலில் வேலை பழகிவிட்டது. "ஐ யூஸ்டு டு ஒர்க் இன் த ஹீட்" என்றால் முன்பு பார்த்தேன், இப்போது இல்லை. மற்ற ப்ரிப்பொசிஷன் எதுவானாலும் பின்னால் வினை வந்தால் 'இங்'தான்: "இன்ட்ரஸ்டட் இன் ஜாயினிங்", "இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்".

அறிகுறி: வாக்கியக் கடைசியில் ஒன்று விட்டுப்போகிறது

எழுத ஒரு பேனா என்பது "எ பென் டு ரைட்" அல்ல, "எ பென் டு ரைட் வித்". எழுத ஒரு தாள், "பேப்பர் டு ரைட் ஆன்". உட்கார நாற்காலி, "எ சேர் டு சிட் ஆன்". வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் விடுபட்டது தெரியும்: நாற்காலியில் உட்காருகிறோம், எனவே 'சிட் ஆன் எ சேர்', அந்த 'ஆன்' எங்கும் போகாது. கேள்வியிலும் அப்படித்தான்: "விச் கம்பெனி டூ யூ ஒர்க் ஃபார்?" ப்ரிப்பொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

ப்ரிப்பொசிஷனை அகராதியில் தேடாதீர்கள், 'ஆன்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். இடது பக்கச் சொல்லைத் தேடுங்கள். அதுவும் சாதாரண ஆங்கிலம்–தமிழ் அகராதி உதவாது, மொழி கற்பவர்களுக்கென்றே வருகிற லேர்னர்ஸ் டிக்ஷனரி வேண்டும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ப்ரிப்பொசிஷன் சேரும் என்று தடித்த எழுத்தில் இருக்கும். இணையத்தில் முழுத் தொடரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம், ஆனால் எத்தனை முடிவு வந்தது என்று எண்ணாதீர்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று தேடினாலும் ஏராளமாக வரும். யார் எழுதியது என்று பாருங்கள்.

ஒரு லீவ் லெட்டரைப் பிரித்துப் பார்ப்போம்

"ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் ஆன் 12 டு 14 மார்ச் டு அட்டெண்ட் டு மை சிஸ்டர்ஸ் வெட்டிங் இன் உசிலம்பட்டி. ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ். ஐ வில் ரிட்டர்ன் பேக் ஆன் நெக்ஸ்ட் மண்டே. யூ கேன் கான்டாக்ட் டு மீ இன் ஃபோன்."

'ரிக்வெஸ்ட்' இங்கே வினை, எனவே "ஐ ரிக்வெஸ்ட் லீவ்". 'ஃபார்' வேண்டுமென்றால் "ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் லீவ்". தேதியில் 'டு' இருப்பதால் 'ஆன்' போய் 'ஃப்ரம்'. 'அட்டெண்ட் எ வெட்டிங்' என்றால் கல்யாணத்துக்குப் போவது, 'அட்டெண்ட் டு' என்றால் கவனித்துக்கொள்வது. தாய்மாமன் பந்தியைக் கவனிக்கப் போகிறார் என்றால் அது வேறு. "இன் உசிலம்பட்டி" சரி, மண்டபத்தையும் சொன்னால் "அட் எ மஹால் இன் உசிலம்பட்டி". அடுத்த வரி "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்பி வருவது இருக்கிறது, 'பேக்' வேண்டாம். 'நெக்ஸ்ட்' இருப்பதால் 'ஆன்' வேண்டாம். கடைசி வரி "யூ கேன் கான்டாக்ட் மீ பை ஃபோன்". எண்ணையும் கொடுப்பதாக இருந்தால் பிரிட்டிஷ் வழக்கில் "ஆன் திஸ் நம்பர்", அமெரிக்க வழக்கில் "அட் திஸ் நம்பர்".